மேட்டில் மட்டும் அணையும் வண்டி

சமதளத்தில் வண்டி அவள் சொன்னபடி கேட்டது. வளைவில் கேட்டது. இரண்டு கம்பங்களுக்கு நடுவே பின்பக்கமாகப் போய் நிறுத்தச் சொன்னபோதும் ஒரு சாண் பிசகாமல் கேட்டது. மேட்டில் மட்டும் கேட்கவில்லை.

தேர்வு மைதானத்தின் கடைசியில் சிமென்டில் கட்டிய சாய்தளம் ஒன்று இருந்தது. அதன் நடுவில் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. முன்சக்கரம் கோட்டைத் தொட வண்டியை நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட வேண்டும். ஆய்வாளர் "எடும்மா" என்றதும், பின்னால் உருளவிடாமல் மேலே ஏற்ற வேண்டும். அவ்வளவுதான். அவள் முதல் கியரைப் போட்டாள். கிளட்ச்சிலிருந்து காலை மெல்ல எடுத்தாள். என்ஜின் சத்தம் கனத்தது, வண்டியின் மூக்கு லேசாகத் தூக்கியது. ஹேண்ட் பிரேக்கை இறக்க வேண்டிய அந்த நொடியில் வண்டி ஒரு முறை துள்ளி, அணைந்து போனது.

முதல் தேர்வில் நடந்ததும் இதுதான், இதே கோட்டில்தான்.

ஆய்வாளர் கத்துகிறவர் இல்லை. ஒல்லியான, வெயிலில் களைத்த மனிதர். வாயில் எப்போதும் இருமல் மிட்டாய் ஒன்று. மடியில் தாள் செருகிய பலகை. சாய்வில் பேனா உருண்டு விழும் என்பதால் ஒவ்வொன்றையும் குறித்ததும் அதைச் சட்டைப் பையில் செருகிவிடுவார், அடுத்ததற்குத் திரும்ப எடுப்பார்.

"பரவாயில்லம்மா. இன்னொரு தடவை பாருங்க."

இன்னொரு தடவையும் அணைந்தது. அவர் ஒரு பெருக்கல் குறி போட்டார்.

"மத்ததெல்லாம் அருமையா பண்றீங்க. பத்து நாள் கழிச்சு வாங்க. மூணாவதும் போச்சுன்னா ரெண்டு மாசத்துக்கு மனு போட முடியாது, பாத்துக்குங்க. பயத்த விடுங்க, வந்துடும்."

பயம் என்று எல்லோரும்தான் சொன்னார்கள். ஆனால் அவளுக்குப் பயமே இல்லை; விளங்காதது அதுதான். உள்ளங்கை வேர்க்கவில்லை, நெஞ்சு படபடக்கவில்லை. அந்த மனிதரின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கால்மணி நேரம், அந்த மாதத்திலேயே அவள் நிம்மதியாக இருந்த கால்மணி நேரம். அப்புறம் ஏன் அணைகிறது?

வண்டி எப்படி அணைகிறது என்பது அவளுக்குத் தெரியும். என்ஜின் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும், சக்கரம் நின்றுகொண்டிருக்கும். இரண்டுக்கும் நடுவே முகம் பார்த்தபடி இரண்டு வட்டத்தட்டுகள். கிளட்ச்சை மிதித்தால் தட்டுகள் விலகும். காலை எடுக்க எடுக்க நெருங்கும், உரசும், வழுக்கும், கடைசியில் கவ்வும். அந்த உரசலில் ஒரு நொடி காலை நிறுத்தினால், சுற்றுகிறது நிற்கிறதைக் கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிக்கொண்டு போய்விடும். காலை ஒரேயடியாக எடுத்துவிட்டால், ஓடுகிறவனின் காலரை எட்டிப் பிடித்த மாதிரி ஆகும். ஒரு துள்ளல், மூச்சு நின்றுவிடும். ஆக, மேட்டில் அவளுடைய இடது கால் ஒரேயடியாக மேலே வருகிறது. அவள் எடுக்கவில்லை. அதுவாக வருகிறது.

அவர்கள் வீட்டின் பின்பக்கமே தொழில். தகரக் கூரை போட்ட நீண்ட கொட்டகை. அதில் இரண்டு துவைக்கும் இயந்திரங்கள், பிழியும் இயந்திரம் ஒன்று, நீராவி இஸ்திரி ஒன்று. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளும் டாக்டர்களின் கோட்டுகளும் தினமும் காலையில் வேனில் வரும், மறுநாள் வெளுத்து மடித்துப் போகும். உழைப்பது மூன்று பேர்: அவள், அவளுடைய நாத்தனார், வண்டி ஓட்டிய வரைக்கும் அவளுடைய கணவன்.

கணவனைத் தெருவில் 'பாய்லர்' என்பார்கள். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. நான்கு மாதத்துக்கு முன்பு, ரொட்டிக் கம்பெனி வேன் ஒன்று வழிவிடவில்லை என்று குறுக்கே நிறுத்தி, அந்த ஓட்டுநரை ஜன்னல் வழியாகவே இழுத்தான். முழு உடம்பும் வரவில்லை. தலையும் தோளும்தான் வந்தன. வந்தவரைக்கும் போதும் என்று கதவு விளிம்பில் முகத்தை மோதினான். நாலு பல். ரொட்டிப் பெட்டிகளெல்லாம் ரோட்டில். வழக்கு நடக்கிறது; லைசென்ஸை இரண்டு வருஷத்துக்கு முடக்கிவிட்டார்கள்.

கூலிக்கு ஓட்டுநர் வைத்தார்கள். முதல் ஆள் மூன்றாம் நாள் கன்னம் வீங்கிப் போனான். அடுத்தவன் அந்தக் கன்னத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு, அரை நாளில் சாவியை மேஜையில் வைத்துவிட்டு நடந்தான். ஆஸ்பத்திரி ஸ்டோர்காரர் போனில் சொல்லிவிட்டார்: "மாசக் கடைசிக்குள்ள உங்க வீட்டு ஆள் ஒருத்தர் லைசென்ஸோட வரணும். இல்லன்னா துணி வேற இடத்துக்குப் போகுது. இந்த ஆட்டோவுல ஏத்தறது, கை வண்டியில ஏத்தறது எல்லாம் வேண்டாம்."

நாத்தனாருக்கு முன்சீட்டில் உட்கார்ந்தாலே வாந்தி. ஆகவே எல் போர்டு அவளுக்கு வந்தது. கற்றுக்கொடுக்க அவன்.

பழைய கிடங்கின் பின்னால் காலி மைதானம். லாரியில் சரக்கு ஏற்ற மண் கொட்டி உண்டாக்கிய மேடு ஒன்று அங்கே இருந்தது. அவன் இடப்பக்கம் உட்காருவான். துவைக்கும் இயந்திரத்தின் ரப்பர் குழாயில் முழ நீளம் அறுத்து, தன் சீட்டுக்கு அடியில் வைத்திருந்தான்.

"கை தப்பு பண்ணா கைக்கு. கால் தப்பு பண்ணா காலுக்கு," என்று முதல் நாளே விளக்கினான். அதில் அவனுக்கு ஒரு நியாயம் இருந்தது. "எங்கப்பன் எங்க வேணா அடிப்பான். நான் அப்படி இல்ல, புரியுதா?"

அவளுடைய கைகள் தப்புச் செய்யவில்லை. அதனால் அடியெல்லாம் இடது முழங்காலுக்கு மேலே, ஒரே இடத்தில், ஒரு கையகலத்துக்குள் விழுந்தது.

இரண்டாம் தேர்வு முடிந்த மறுநாளும் கூட்டிப் போனான்.

"கிளட்ச விடு. மெதுவா. மெதுவான்னா என்னன்னு தெரியுமாடி? திங்கறப்ப மட்டும் மெதுவா அசை போடறே இல்ல, அந்த மெதுவு."

"விடறேங்க."

"மோட்டார் முக்குது, காதுல விழுதா? இப்ப பிரேக்க இறக்கு. இறக்குடி. இறக்கு!"

குழாய் உயர்ந்தது. வண்டி துள்ளி அணைந்தது. பிறகு குழாய் இறங்கியது. முதலில் சத்தம், அதற்குப் பின்னால்தான் வலி வந்து சேரும், தீக்குச்சியைப் பெட்டியில் உரசிய மாதிரி நீளமாக. அவள் சாவியைத் திருப்பினாள். மறுபடி குழாய், மறுபடி அணைவு, மறுபடி அடி. ஏழாவது முறை அவன் குழாயைப் போட்டுவிட்டுத் தலைமுடியைப் பிடித்து ஸ்டியரிங்கில் மோதினான். ஹாரன் அடித்தது. அந்தச் சத்தம் அவனுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கொடுத்தது. அது நிற்கும்வரை மோதுவது போலவும், மோதுவதால்தான் அது அடிக்கிறது என்பது தெரியாதவன் போலவும், திரும்பத் திரும்ப மோதினான். கிடங்குக் காவல்காரர் வெளியே வந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

"ரெண்டு தடவ என் மானத்த வாங்கிட்ட. மூணாவது தடவ வாங்கினே, காலே இருக்காது. அப்புறம் எதுக்குக் கிளட்ச்?"

அன்று சாயங்காலம் விரிப்பு மடிக்கும்போது நாத்தனார் கேட்டாள்.

"உதடு என்ன அண்ணி?"

"ஸ்டியரிங்."

"ஸ்டியரிங் தானா வந்து இடிச்சுதாக்கும். வண்டிக்கு நடக்கவே வராது, இதுல முத்தம் குடுக்க வருதா?" அவள் விரிப்பின் முனையை உதறினாள். "கால காட்டு."

"விடுடி."

"காட்டுங்கறேன்."

முழங்காலுக்கு மேலே கருநீலம், அதைச் சுற்றிப் பச்சை, ஓரத்தில் மஞ்சள். பழசும் புதுசும் ஒன்றின் மேல் ஒன்றாக. நாத்தனார் வெகுநேரம் பார்த்தாள். இருபத்தாறு வயதில் கட்டியவனை விட்டு வந்தவள் அவள். அந்த வருஷங்களில் என்ன நடந்தது என்று யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் காயத்தைப் பார்த்து நாள் கணக்குச் சொல்லுவாள்.

"இது இன்னைக்கு. இது அஞ்சு நாள். இது ஆறி வரும்போது அதுமேலயே போட்டிருக்கான். எங்கண்ணன் நல்லா குறி பாத்து அடிக்கிறான்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் வழக்கு விஷயமாக வக்கீலைப் பார்க்கப் போயிருந்தான். இரண்டு பேரும் வேனை எடுத்துக்கொண்டு கிடங்கு மைதானத்துக்குப் போனார்கள். நாத்தனார் பின்னால் துணி மூட்டைகளின் மேல் கால் நீட்டிப் படுத்துக்கொண்டாள்.

"ஏத்து அண்ணி. ராணி மாதிரி படுத்திருக்கேன், ஆடாம ஏத்து."

ஏற்றினாள். இறங்கி வந்து மறுபடி ஏற்றினாள். இருபத்திரண்டு முறை. ஒரு முறைகூட அணையவில்லை. கடைசியில் நாத்தனாரே எழுந்து உட்கார்ந்தாள்.

"உனக்கு நல்லாத்தான வருது! எங்கண்ணன் பக்கத்துல இருந்தா பயம், வரல. சரி. அந்த ஆபீசர் என்ன பண்ணாரு? திட்டினாரா?"

"இல்லடி. அம்மா அம்மான்னுதான் பேசினாரு."

"அப்ப ஏன் ஆஃப் ஆவுது?"

"அதான் தெரியல."

"சாமி கும்பிட்டுட்டுப் போ."

"சாமிக்கு கிளட்ச் தெரியுமா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்தபோது அவளுடைய உதடு மறுபடி பிளந்தது.

மூன்றாம் தேர்வுக்கு முந்தின நாள் மத்தியானம் பிழியும் இயந்திரத்தின் பெல்ட் அறுந்தது. நாற்பது விரிப்புகள் சொட்டச் சொட்டக் கிடந்தன. கையால் பிழிவதைத் தவிர வழியில்லை. நனைந்த விரிப்பைத் தனி ஆளால் பிழிய முடியாது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று, ஆளுக்கொரு முனையைப் பிடித்து, இருவருமே தங்கள் வலப்பக்கமாக முறுக்க வேண்டும். எதிரெதிரே நிற்பதால் ஒருத்தியின் வலது மற்றவளுக்கு இடதாகிவிடும். விரிப்பு கயிறாகும், கயிறு கம்பாகும், தண்ணீர் கொட்டும். வருஷக்கணக்காகச் செய்த வேலை. பேசாமலே கை தெரிந்துகொள்ளும்.

பதினோராவது விரிப்பைப் பிடித்திருந்தபோது அவன் உள்ளே வந்தான். கையில் போன். வேனில் இருக்கும் குழாயையும் எடுத்து வந்திருந்தான்.

"ஸ்டோர்காரன் பேசினான். இன்னொரு கம்பெனிக்காரன் வந்து இடத்தப் பாத்துட்டுப் போயிருக்கானாம். உன் லட்சணம் ஊருக்கே தெரிஞ்சு போச்சு."

"நாளைக்குத்தான டெஸ்ட்டு. எடுத்துருவேங்க."

"எடுத்துருவியா? எத? என் உயிரையா?"

முதல் வீச்சு காதோடு கழுத்தில் விழுந்தது. அவள் விரிப்பின் முனையை விடவில்லை. இரண்டாவது வீச்சில் ஈரத் தரையில் சறுக்கி விழுந்தாள். அப்போதும் முனை கையில் இருந்தது. அவன் அவளுடைய வயிற்றில் உதைத்தான். கழுத்தைப் பிடித்துத் தூக்கிக் கூரையைத் தாங்கும் இரும்புத் தூணை நோக்கித் தள்ளிக்கொண்டு போனான். அவள் மறு கையில் சிக்கிய அவன் சட்டையைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றியதில், தூணில் முதுகு மோதியது அவனுக்கு.

நாத்தனார் தன் முனையை விடாமலே ஓடினாள். அண்ணனைச் சுற்றித் தூணின் பின்னால் போனாள். நடுவே இருந்த விரிப்பு அவனுடைய இரண்டு கைகளையும் மார்போடு சேர்த்து, தூணோடு வளைத்தது.

"அண்ணி, முனையக் குடு!"

இரண்டு முனைகளும் தூணுக்குப் பின்னால் சேர்ந்தன. முறுக்கினார்கள். காய்ந்த துணி வழுக்கும், நனைந்த பருத்தி வழுக்காது. ஒரு முறுக்கு ஏறினால் அந்த முறுக்கு இறங்காது. நாத்தனார் காலால் எட்டி, துணி கிளறும் கட்டையை இழுத்தாள். முறுக்கின் நடுவே செருகி மூன்று சுற்றுச் சுற்றினாள். அவனுடைய நெஞ்சிலிருந்து தண்ணீர் வழிந்தது. குழாய் கீழே விழுந்தது.

"விடுங்கடி! ரெண்டு பேரையும் கொன்னு பொதைக்கறேன். கூடப் பொறந்தவளாடி நீ?"

"கூடப் பொறந்ததாலதான் கழுத்துல சுத்தல," என்றாள் நாத்தனார். அவளுக்கு மூச்சு இரைத்தது. "இன்னொரு சுத்து வேணுமா?"

அவன் அவள் முகத்தில் துப்பினான். அவள் இன்னொரு சுற்றுச் சுற்றினாள். அவனுடைய குரல் விசிலாக மாறியது.

"அண்ணி, அந்த டியூப எடு. எங்க அடிச்சான்? அங்கயே குடு. ஒரு தடவயாவது குடு."

அவள் குழாயை எடுத்தாள். அவனுடைய இடது முழங்காலுக்கு மேலே, அந்தக் கையகலத்தில், வீசினாள். அவன் அலறினான். இரண்டாவது முறை வீசினாள். மூன்றாவதும் நான்காவதும் எலும்பில் பட்டன, சத்தம் மாறியது. அவனுடைய பேண்ட் துணியில் சிவப்பு ஊறியது.

ஐந்தாவதற்குக் கையைத் தூக்கினாள். தோள் வலித்தது, நிறுத்திவிட்டாள். குழாய் அந்தரத்திலேயே நின்றது.

அடி விழவில்லை. ஆனால் அவனுடைய இடது கால் தரையை விட்டு எகிறியது.

அவள் கையைத் தாழ்த்தினாள். கால் இறங்கியது. கையைத் தூக்கினாள். கால் எகிறியது. அவன் வேண்டுமென்று செய்யவில்லை. அவன் வாய் அவளை இன்னும் வைதுகொண்டுதான் இருந்தது, கால் தன் வேலையைத் தனியாகச் செய்தது. அவள் குழாயைக் கீழே போட்டுவிட்டு, வெறுங்கையை மட்டும் தூக்கிப் பார்த்தாள். அதற்கும் எகிறியது.

"என்ன அண்ணி பண்றே? வேடிக்கையா?"

"பேனா," என்றாள் அவள்.

"என்ன?"

"ஆபீசரு மேட்டுக்கு வந்ததும் பைலேந்து பேனா எடுப்பாருடி. என் பக்கத்துக் கை. மேல போகும். அப்பத்தான் ஆஃப் ஆவுது." அவள் ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எனக்குப் பயமே இல்லடி. காலுக்குத்தான். கால் யாரு கைன்னு பாக்கல. கை தூக்கினா வந்துடுது."

நாத்தனார் தன் அண்ணனின் காலைப் பார்த்தாள், அண்ணியின் காலைப் பார்த்தாள்.

"நான் பின்னால படுத்திருந்தேன்," என்றாள் மெதுவாக. "பக்கத்துல யாருமே இல்ல."

சிறிது நேரம் கழித்துக் கட்டையை உருவினார்கள். அவன் சரிந்து உட்கார்ந்து வாந்தி எடுத்தான். எழுந்தபோது இடது கால் நிற்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை போனான். அங்கிருந்து ப்ளீச்சிங் பவுடர் டப்பாவை எடுத்து வீசினான். அது இஸ்திரியில் பட்டு உடைந்து கொட்டகை முழுவதும் வெள்ளையாகக் காரமடித்தது.

"நாளைக்கு பெயிலாகி வாங்க. ரெண்டு பேரையும் மிஷின்ல போட்டுப் பிழியறேன்."

"மிஷின் ரிப்பேர்," என்றாள் நாத்தனார். "பெல்ட் வாங்கிட்டு வா, பேசிக்கலாம்."

அவன் திரும்பி வருவான் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். நாத்தனார் வாசல் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, கட்டையைக் கைக்கு எட்டும் இடத்தில் சாய்த்து வைத்தாள். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு மிச்ச விரிப்புகளைப் பிழிந்தார்கள்.

காலையில், முதல் இரண்டு தேர்வுகளுக்கும் செய்தது போலவே, தெருமுனை டயர் கடைக்காரர் வேனைத் தேர்வு மைதானத்துக்கு ஓட்டி வந்து விட்டுவிட்டுப் போனார். நாத்தனார் வேலிக்கு வெளியே நின்றாள்.

வளைவு முடிந்தது. கம்பங்கள் முடிந்தன. ஆய்வாளர் குறித்துவிட்டுப் பேனாவைப் பையில் செருகினார். அவள் சாய்தளத்தில் ஏறி, முன்சக்கரம் கோட்டைத் தொட நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள்.

"சார், ஒரு உதவி."

"சொல்லும்மா."

"நான் வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடியே பேனாவ கையில எடுத்துக்குங்க. கைய பலகை மேலயே வச்சுக்குங்க. தூக்காதீங்க."

"ஏம்மா? நான் என்ன எழுதுவேன்னு பயமா?"

"எது வேணா எழுதுங்க சார். கை மேல போனா என் கால் எகிறிடும். அப்படி அடி வாங்கிப் பழகிப் போச்சு."

ஆய்வாளர் அவளுடைய கழுத்தில் இருந்த நீளமான சிவப்புத் தடத்தைப் பார்த்தார். இருமல் மிட்டாய் வாயில் ஓரிடத்தில் நின்றது. பேனாவை எடுத்தார். அவள் கால் எகிறியது. வண்டி நியூட்ரலில் இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. அவர் அதையும் பார்த்தார். மூடியைக் கழற்றி, எங்கே வைப்பது என்று யோசித்து, இடது கையில் பொத்திக்கொண்டார். வலது கையைப் பலகையின் மேல் பரப்பி வைத்தார்.

"கை இங்கதாம்மா இருக்கு. எடுங்க."

முதல் கியர். கால் விரலகலம் மேலே வந்தது. என்ஜின் சத்தம் கனத்தது, வண்டியின் மூக்கு தூக்கியது. அவள் காலை அங்கேயே நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இறக்கினாள். வண்டி ஒரு விரல்கூடப் பின்னால் போகவில்லை; கோட்டைத் தாண்டி உச்சிவரை ஏறியது. பக்கத்தில் இருப்பவர் கையைத் தூக்காவிட்டால், மேட்டில் வண்டி அணையாது.